கண் ஆபரேஷனும் பேட்ச் நம்பரும்

சாமராஜபேட்டை மின்டோ அரசு கண் ஆஸ்பத்திரியை அறியாத பெங்களூர்த் தமிழர் அநேகமாக இருக்க மாட்டார்கள். நூறாண்டு கடந்த அந்த ஆஸ்பத்திரியைத்தான் நம் ஏழை எளிய மக்கள் கண்புரை நீக்க நாடுகிறார்கள்.

அங்கே 2019 ஜூலை 9-ஆம் தேதி கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோருக்குக் கண்ணில் கடுமையான கோளாறு உண்டாயிற்று. சுமார் பத்துப் பேர் அந்தக் கண்ணின் பார்வையையே இழந்தனர்.

ஆபரேஷனில் பயன்படுத்திய ஜெல் மீது சந்தேகம் எழுந்தது. புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைக்கும்போது, கண்ணின் உள்ளே இடம் சுருங்காமலும் கருவிழி உரசாமலும் இருக்க இந்த ஜெல்லைச் செலுத்துவார்கள். இதில் கிருமி இருந்தால் அது நேராகக் கண்ணுக்குள் போய்விடும். டாக்டரின் கை எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

அவ்வாண்டு நவம்பரில் நஷ்டஈடு கேட்டுக் கன்னட அமைப்பினர் ஆஸ்பத்திரியில் போராடினர். தங்களைத் தாக்கியதாக டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். யார் குற்றவாளி என்ற கூச்சலில், எந்த பேட்ச் மருந்து, யார் பதிவு செய்தார், யார் நிறுத்தினார் என்ற கேள்விகள் அமுங்கிப் போயின. நம் கருத்தில் இவைதான் முக்கியமான கேள்விகள்.

சான்றிதழ் என்பது என்ன?

பெரிய ஆஸ்பத்திரிகளின் வரவேற்பறையில் 'என்.ஏ.பி.எச்.' என்ற சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். இந்தியத் தரக் கவுன்சிலின் கீழுள்ள தேசிய அங்கீகார வாரியம் வழங்குவது அது. கர்நாடகத்தில் தனியார் ஆஸ்பத்திரிகள் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். இந்தச் சான்றிதழ் அது அல்ல. ஆஸ்பத்திரி தானே முன்வந்து பெறுவது. அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் தேசியத் தர உறுதி அளவுகோல் என்று தனியாக ஒன்று உண்டு.

சான்றிதழ் தருவதற்கு முன் மருந்துகளை எப்படி வைக்கிறார்கள், தொற்றை எப்படித் தடுக்கிறார்கள், தவறு நடந்தால் எழுதி வைக்கிறார்களா என்றெல்லாம் பார்க்கிறார்கள். எழுதி வைப்பது என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ரயில்வேயில் இருப்பவருக்கு இதில் ஆச்சரியமில்லை. லைன் கிளியர் கொடுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்கள் பிரைவேட் நம்பர் பரிமாறி, இரு பக்கமும் எழுதிக்கொள்கிறார்கள். 'எனக்குத் தெரியும்' என்று யாரும் வண்டியை விடுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் தியேட்டருக்கென 19 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தது. டில்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 1.5 ஆக இருந்த மரணம் 0.8 ஆகக் குறைந்திருந்தது. நோயாளி பெயர், எந்தப் பக்கம் ஆபரேஷன், எண்ணிய பஞ்சு சரியா என்பன போன்ற சாதாரணக் கேள்விகள்தான் அவை.

ஆனால் சீல் வைத்த ஜெல்லுக்குள் இருக்கும் கிருமியை எந்தப் பட்டியலும் காட்டிக் கொடுக்காது. பேட்ச் நம்பரைப் பதிந்திருந்தால், முதல் நோயாளியின் கண் சிவந்ததுமே அதே பேட்ச்சை நிறுத்தலாம்; அது செலுத்தப்பட்ட மற்றவர்களையும் உடனே கூப்பிடலாம். அவ்வளவுதான் முடியும். அதுவே சில கண்களைக் காப்பாற்றும்.

2024 நவம்பரில் பல்லாரி அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன் செய்துகொண்ட தாய்மார்கள் ஐவர் அடுத்தடுத்து இறந்தபோதும், அவர்களுக்கு ஏற்றிய சலைன் மீதே சந்தேகம் விழுந்தது. அந்தக் கம்பெனியின் சில பேட்ச்சுகளை மாநில ஆய்வகம் ஏற்கெனவே தரமற்றவை என்று சொல்லியிருந்தது. மத்திய ஆய்வகம் சரியென்றது.

கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். லென்ஸ் பெட்டியில் அதன் நம்பருடன் ஸ்டிக்கர் வரும். ஒன்றைக் கேஸ் ஷீட்டிலும் ஒன்றை உங்கள் சீட்டிலும் ஒட்டச் சொல்லுங்கள். ஜெல்லின் பேட்ச் நம்பரையும் குறித்துத் தரக் கேட்பதில் தவறில்லை. வீட்டுக்கு வந்தபின் கண் கடுமையாக வலித்தாலோ, சிவப்பு அதிகமானாலோ, பார்வை மங்கினாலோ அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகும்போது அந்தச் சீட்டையும் எடுத்துச் செல்லவும்.