வெல்லமும் செம்மறுவும்

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றும் பெயர் உண்டு. அமாவாசையன்று ஹிருத்தாபநாசினித் திருக்குளத்தின் படியில் நின்றால் காரணம் விளங்கும். ஜனங்கள் வெல்லத்தை எடுத்து நீரில் இடுகிறார்கள். அது கரைவது போல் உடம்பிலுள்ள மருவும் கட்டியும் கரைந்துவிடும் என்பது நம்பிக்கை.

கைக்குழந்தையுடன் வரும் தாய்மாரும் அங்கே உண்டு. பிறந்தபோது மாசு மறுவின்றி இருந்த குழந்தை. இரண்டு மூன்று வாரத்தில் கன்னத்தில் ஒரு செம்புள்ளி தோன்றுகிறது. அடுத்த மாதம் அது கோவைப்பழம் போல் எழும்பி நிற்கிறது. உடனே வீட்டில் விசாரணை ஆரம்பம். "கிரகணத்தன்று வெளியே வந்தாயா? எதையாவது கிள்ளினாயா?" பழியெல்லாம் மருமகளின் தலையில்!

அந்தப் பழியை முதலில் இறக்கி வைப்போம். இரத்தக் குழாய்களின் உட்புறத்தில் உள்ள நுண்ணிய அணுக்கள் அளவு மீறிப் பெருகுவதால் உண்டாவது இது. வைத்தியர்கள் 'ஹெமாஞ்சியோமா' என்பார்கள். புற்று நோயன்று, தொற்றுவதுமன்று. நூறு கைக்குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வருகிறது. பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் அதிகம். கிரகணத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

பின், வெல்லம் பலிப்பது எப்படி? இக்கட்டி சுமார் ஐந்து மாதம் வரை வளர்ந்து, ஒரு வயதுக்கு மேல் தானே சுருங்கத் தொடங்கும். நான்கு வயதுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே வெல்லம் போட்டவருக்கும் பலித்தது, போடாதவருக்கும் பலித்தது! பெருமாளிடம் நமக்கு வழக்கில்லை. காத்திருப்பதைப் பற்றித்தான் வழக்கு.

ஏனெனில், சில செம்மறுக்கள் காத்திருக்க விடுவதில்லை. கண்ணிமையில் வந்தால் பார்வை கெடலாம். மூக்கு நுனியிலும் உதட்டிலும் வந்தால் முகம் விகாரப்படலாம். தாடையிலும் கழுத்திலும் பரவி, குழந்தை மூச்சு விடும்போது கரகரவென்று ஓசை கேட்டால், அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உடம்பில் ஐந்தோ அதற்கு மேலோ தென்பட்டால் ஈரலையும் ஸ்கான் செய்து பார்ப்பார்கள். வளர்ச்சி வெகு வேகமாயிருப்பது ஐந்து முதல் எட்டு வாரங்களுக்குள்; எனவே முதல் மாதத்திலேயே காட்டிவிடுவது உத்தமம்.

இதற்கான மருந்து கிடைத்த கதை விசித்திரமானது. இருதய நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வெகு காலமாகக் கொடுத்து வந்தது புரோப்ரனலால். பிரான்ஸ் தேசத்து போர்தோ நகரில், மூக்கில் செம்மறுவுள்ள ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்ததில் இருதயம் தடித்தது. அதற்காக இம்மருந்தைக் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் செந்நிறம் மங்கி, மென்மையாகிவிட்டது! கிறிஸ்தீன் லெயோதே-லப்ரேஸ் என்ற அம்மையாரும் அவரது தோழர்களும் 2008-ல் இதை வெளியிட்டார்கள். சிகிச்சையின் போக்கே மாறிவிட்டது.

மருந்துக் கடையில் நாமே வாங்கிக் கொடுக்கும் சரக்கல்ல அது. இருதயத்தைச் சோதித்து, எடைக்குத் தக்க அளவை வைத்தியரே சொல்ல வேண்டும். வயிறு நிறையப் பால் கொடுத்த பிறகே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தாகக் குறையும். குழந்தை பால் குடிக்காமலோ, வாந்தி எடுத்தோ, மூச்சு இழுத்தோ அவதிப்பட்டால் மருந்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். மருவுக்குச் செய்வது போல் சுண்ணாம்பு தடவுவதும் மயிரால் கட்டுவதும் வேண்டவே வேண்டாம். புண்ணாகி இரத்தம் கசியும்.

பிறக்கும்போதே தட்டையாகச் சிவந்திருக்கும் மறு வேறு ஜாதி; அவற்றில் சில தானே மறைவதில்லை. பெரியவர்களுக்கு மார்பிலும் முதுகிலும் தோன்றும் சிறு செம்பொட்டுக்கள் சாது. ஸ்கானில் அகஸ்மாத்தாகத் தெரியும் ஈரல் கட்டிக்கும் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டியதில்லை. திடீரென முளைத்து இரத்தம் கசியும் கட்டியை மட்டும் காட்டிவிட வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் தகப்பனாருக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்பதை நாம் அறிவோம். திருவள்ளூரில் 2022 முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரி நடக்கிறது. எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் மின்சார ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கிப் போய்விடலாம். புறப்படுமுன், வாரந்தோறும் கைப்பேசியில் எடுத்த படங்களை மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். கட்டி எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று வைத்தியர் கேட்கும் முதற் கேள்விக்கு அவையே பதில் சொல்லும்.