கம்ப்யூட்டர் ஏன் கொதிக்கிறது?

நாகபுரியில் மே மாதம். மகாராஷ்டிர மாநிலத்தின் கிழக்குப் பகுதி அது. விதர்பா என்று சொல்வார்கள். வெயிலுக்குப் பேர் போன ஊர். 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே 47.9 டிகிரி வெயில் அடித்தது. பகலில் வெளியே போகிறவர்கள் தலையையும் முகத்தையும் துணியால் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

கல்யாணங்கள் நிறைய நடப்பதும் இந்த வெயிலில்தான்.

அந்த ஊரில் ஒரு சிறிய வீடியோ கடை. கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். கணவர் கல்யாண வீடுகளுக்குப் போய்ப் படம் பிடிக்கிறார். மனைவி கடையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் படத்தை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கிறார். கம்ப்யூட்டர் வாங்க மகளிர் குழுவில் கடன் எடுத்திருக்கிறார்கள். மாதம் தவறாமல் தவணை கட்ட வேண்டும்.

அன்று ஒரு கல்யாணப் படம் முடியும் நிலையில் இருந்தது. மூன்று மணி நேரப் படம். துண்டு துண்டாக இருக்கும் காட்சி, பாட்டு, எழுத்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்க வேண்டும். கடைக்காரர்கள் இதை ‘ரெண்டர்’ என்பார்கள். கம்ப்யூட்டருக்கு இதைவிடப் பெரிய வேலை அந்தக் கடையில் கிடையாது. மணப்பெண் மறுநாள் காலை ரயிலில் கணவன் ஊருக்குப் போகிறாள். படத்தைக் கையோடு கொண்டு போக வேண்டும் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். பாக்கிப் பணமும் அப்போதுதான் வரும்.

பகல் ஒரு மணிக்கு வேலையைத் தொடங்கினார் அந்தப் பெண். பெட்டிக்குள் இருக்கும் விசிறி ‘உய்’ என்று இரைந்தது. வேலை மெதுவானது. நாற்பது நிமிடத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிட்டது. மறுபடி போட்டார். இந்த முறை பதினைந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்காரரைக் கேட்டார்கள். அவர் வந்து பார்க்கக்கூட இல்லை. “புராசசர் போய்விட்டது. புதிது போட வேண்டும். பத்தாயிரம் ரூபாய் ஆகும்” என்றார்.

பத்தாயிரம் ரூபாய்! அந்தப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு யோசித்து, ரேடியோ காலத்திலிருந்து ரிப்பேர் வேலை செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார். அங்கே சித்தப்பா வயதுள்ளவரைக் ‘காகா’ என்று கூப்பிடுவார்கள். பெண்களைத் ‘தாயி’ என்பார்கள். அக்கா என்று அர்த்தம்.

“காகா, புராசசர் போய்விட்டதாமே?” என்று கேட்டார் அந்தப் பெண்.

“அணைந்த பிறகு மறுபடி போட்டால் வருகிறதா, தாயி?”

“அரை மணி கழித்துப் போட்டால் வருகிறது.”

“செத்துப்போனது எங்காவது எழுந்து வருமா? அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சூடு தாங்காமல் தானே அணைந்துகொள்கிறது.”

பெரியவர் சொன்னது சரிதான். புராசசர் என்பது கம்ப்யூட்டரின் மூளை மாதிரி. கணக்குப் போடுவது அதுதான். வெளியிலிருந்து பார்த்தால் தீப்பெட்டி அளவுகூட இருக்காது. உள்ளே இருக்கும் சில்லு அதைவிடச் சிறியது; கட்டைவிரல் நகம் அளவு. அதற்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் மிக நுண்ணிய சுவிட்சுகள் இருக்கின்றன. இவற்றுக்கு டிரான்சிஸ்டர் என்று பெயர். 1971இல் இன்டெல் நிறுவனம் விற்ற ‘4004’ என்ற புராசசரில் இவை சுமார் 2,300 இருந்தன. இன்றைய புராசசரில் நூற்றுக்கணக்கான கோடி. ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குப் பல கோடி முறை திறந்து மூடும். ஒவ்வொரு தடவையும் துளி மின்சாரம் செலவாகும். செலவான மின்சாரம் சூடாக மாறும். வேலை கூடினால் சூடும் கூடும்.

எவ்வளவு சூடு? பல மேசைக் கம்ப்யூட்டர்களின் புராசசருக்கு 65 வாட் என்று கணக்கு. பெரிய வேலைக்கு உள்ளவை நூறு வாட்டையும் தாண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு எரியும்போது தொட்டவர்களுக்குத் தெரியும், விரல் பொத்துப்போகும். அந்தச் சூடு முழுவதும் ஒரு நகத்தளவு இடத்தில் எழுகிறது. உடனுக்குடன் வெளியே போயாக வேண்டும்.

அதற்கு ஒரு பாதை உண்டு. சில்லின் மேல் ஒரு உலோக மூடி. மூடிக்கு மேல் ஒரு வகைப் பசை. பசைக்கு மேல் அலுமினியத் தகடுகள், சீப்புப் பற்கள்போல வரிசையாக. தகடுகளின் மேல் விசிறி. சூடு மூடியிலிருந்து பசை வழியாகத் தகடுகளுக்குப் போகும். விசிறிக் காற்று அதை அள்ளிக்கொண்டு பெட்டிக்கு வெளியே போகும். இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் சூடு உள்ளேயே தங்கும்.

தங்கினால் என்ன ஆகும்? புராசசருக்குள்ளேயே வெப்பமானி இருக்கிறது. பல புராசசர்களுக்கு 95 முதல் 100 டிகிரி வரை எல்லை. எல்லையை நெருங்கினால் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால் மொத்தமாக அணைந்துவிடும். கருகாமல் இருக்க அது செய்துகொள்ளும் காவல் இது. இதைப் பார்த்துவிட்டுத்தான் ‘போய்விட்டது’ என்கிறார்கள். மின்சாரம் கொடுக்கும் சப்ளைப் பெட்டி பழுதானாலும் கம்ப்யூட்டர் இப்படி அணையும். ஆகவே முதலில் சூட்டை அளந்து பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் ‘பயாஸ்’ திரையிலேயே இதைப் பார்க்கலாம். இலவச மென்பொருள்களும் உண்டு.

பெரியவர் பார்த்தார். வேலை எதுவும் கொடுக்காதபோதே 78 டிகிரி! பிறகு சுவிட்சை அணைத்து, வயர்களைக் கழற்றினார். பெட்டியின் உலோகத்தைக் கையால் தொட்டுக்கொண்டார். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் சில்லுகள் கெட்டுவிடும். உலோகத்தைத் தொட்டால் அது இறங்கிவிடும். பிறகு பக்கத் தகட்டைத் திறந்தார்.

அலுமினியத் தகடுகளே கண்ணுக்குத் தெரியவில்லை. கம்பளி போர்த்தியதுபோல் தூசி. கடையில் ஒரு தண்ணீர்க் கூலர் ஓடுகிறது. நாகபுரியில் கோடையில் கூலர் இல்லாமல் முடியாது. ஆனால் அந்த ஈரக் காற்று நேராகக் கம்ப்யூட்டர் மேல் பட்டுக்கொண்டிருந்தது. ஈரத்தில் தூசி அடையாக ஒட்டியிருந்தது.

அவர் விசிறியை ஒரு விரலால் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் தள்ளி, புளோயரால் ஊதினார். ஊதும் காற்றில் விசிறி தாறுமாறாகச் சுற்றினால் அதுவும் கெடும். அடுத்து தகட்டைக் கழற்றினார். அடியில் இருந்த பசை, கல்லில் காய்ந்த சந்தனம்போல் வெடித்து உதிர்ந்தது.

“இந்தப் பசை எதற்கு, காகா? ஒட்டுவதற்கா?”

“ஒட்டுவதற்கு இல்லை, தாயி. ரொட்டி தவாவைத் தொடாத இடம் வேகாது, இல்லையா? அதுபோலத்தான். இரண்டு உலோகமும் வழவழப்பாகத் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் இருக்கும். பள்ளத்தில் காற்று நின்றால் சூடு கடக்காது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பசை.”

பழைய பசையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தார். புதுப் பசையை ஒரு பட்டாணி அளவு வைத்தார். அதிகம் வைத்தால் நல்லது என்று சிலர் அப்பிவிடுவார்கள். அது தவறு, தடிப்பாக இருந்தாலும் சூடு கடப்பது குறையும். தகட்டின் நான்கு கால்களும் ‘டக்’ என்று உட்காரும்வரை அழுத்தினார். ஒரு கால் தூக்கியிருந்தாலும் பட்ட பாடு வீண். இந்தப் பசை மாற்றும் வேலையைப் பழக்கமில்லாதவர்கள் செய்யாமல், தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. தூசி தட்டுவதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

இன்னொரு குற்றம் மேசையில் இருந்தது. தூசி படக்கூடாது என்று, கதவு வைத்த மர அறைக்குள் கம்ப்யூட்டரை வைத்துப் பூட்டியிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் விசிறி வெளியே தள்ளிய சூடான காற்றையே திரும்பத் திரும்ப உள்ளே இழுத்தது. விசிறிக்குக் காற்றைக் குளிர வைக்கத் தெரியாது. காற்றை மாற்றத்தான் தெரியும். அறைக் காற்று 30 டிகிரி இருக்கும்போது புராசசர் 75 டிகிரியில் நின்றால், காற்று 44 ஆகும்போது அது ஏறக்குறைய 89 ஆகும். பூட்டிய அறைக்குள் கேட்கவே வேண்டாம். பெரியவர் கதவைக் கழற்றச் சொன்னார். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடச் சொன்னார். கூலரை வேறு பக்கம் திருப்பினார். மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அதை மெத்தைமேல் வைப்பதும் இந்த மாதிரிதான். காற்று போகும் துளை மூடிப்போகும்.

சிலர் பெட்டியைத் திறந்து வைத்து மேசை விசிறியைத் திருப்பிவிடுவார்கள். அவசரத்துக்கு ஒருநாள் உதவும். ஆனால் தூசி நேராக உள்ளே போகும். குழந்தைகள் கை விடுவார்கள். ஈரத்துணி, ஐஸ் இவற்றைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது.

வேலையே இல்லாதபோதும் விசிறி இரைந்தால், பின்னால் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கலாம். திருட்டுப் பிரதி மென்பொருளோடு வந்த வைரஸாகவும் இருக்கலாம். என்ன என்ன ஓடுகிறது என்று ‘டாஸ்க் மேனேஜர்’ காட்டும்.

பெட்டியை மூடிப் போட்டுப் பார்த்தார்கள். சும்மா இருக்கையில் 51 டிகிரி. அந்தப் பெண் உடனே ரெண்டர் பொத்தானை அழுத்தப் போனார்.

“பொறு, தாயி. வெயில் இறங்கட்டும். ராத்திரி போடு. மூன்று மணிப் படத்தை ஆறு துண்டாகப் போட்டு, கடைசியில் சேர்த்துக்கொள். நடுவில் நின்றால் ஒரு துண்டுதானே போகும்!”

விண்டோஸில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ என்ற இடத்தில் புராசசரின் உச்ச வேகத்தை நூற்றிலிருந்து எண்பதாகக் குறைத்தும் வைத்தார். வேலை முடியக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். ஆனால் சூடு நன்றாகக் குறையும். மேட்டில் பாரவண்டி மாட்டை யாராவது விரட்டுவார்களா?

பசைக்கும் கூலிக்குமாக அவர் வாங்கியது ஐந்நூறு ரூபாய்.

இரவு பத்து மணிக்கு வேலை தொடங்கியது. கணவனும் மனைவியும் மாறி மாறிக் கண்விழித்தார்கள். சூடு 82 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. விடியற்காலை நான்கரைக்கு ஆறாவது துண்டு முடிந்தது. ஆறு மணிக்கு மணப்பெண்ணின் தம்பி சைக்கிளில் வந்து பென்டிரைவை வாங்கிக்கொண்டு, பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனான்.

கழற்றிய மேசைக் கதவு வீணாகவில்லை. இப்போது கூலருக்கு அடியில் பலகையாகக் கிடக்கிறது.