நிரல் வளர்ந்த கதை – 9: பத்துப் பேரும் நூற்றைம்பது பேரும்

சென்ற வாரம் பார்த்த சிஸ்டம்/360 கணினி வரிசையை ஐபிஎம் 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்தது. சிறிய மாடலில் எழுதிய புரோகிராம் பெரிய மாடலிலும் ஓட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படைத் திட்டம். இயந்திரம் தயாராகிக்கொண்டிருந்தது, அதை இயக்கவேண்டிய ஓஎஸ்/360 மென்பொருள் தயாராகவில்லை. இயந்திரத்தின் உருவாக்கத்தை முன்னின்று நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், அதே ஆண்டில் இந்த மென்பொருளின் பொறுப்புக்கும் வந்தார்.

அவர் எடுத்த ஒரு முடிவை மட்டும் இந்த வாரம் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நிரல் எழுதும் முன், அது என்ன செய்ய வேண்டும் என்பதை வரிவரியாக வரையறுக்கும் ஆவணம் ஒன்று வேண்டும். நம் ஊர் ஐடி அலுவலகங்களில் ‘ஸ்பெக்’ என்பார்களே, அதுதான். வடிவமைப்பு மேனேஜரிடம் பத்துத் திறமைசாலிகள் இருந்தார்கள். “நாங்கள் எழுதுகிறோம், பத்து மாதம் ஆகும்” என்றார் அவர். அட்டவணையில் இருந்ததைவிட மூன்று மாதம் அதிகம். இன்னொரு மேனேஜரிடம் 150 பேர் இருந்தார்கள். ஸ்பெக்கைத் தன் ஆட்களே குறித்த காலத்துக்குள் எழுதிவிடுவார்கள் என்றும், இல்லையென்றால் பத்து மாதம் அத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிவரும் என்றும் அவர் வாதிட்டார். அப்படிக் கொடுத்தாலும் அதே மூன்று மாதம் தாமதமாகும், தரமும் கெடும் என்று முதலாமவர் எச்சரித்தார்.

150 பேர் சும்மா இருப்பதை எந்த நிர்வாகிதான் தாங்குவார்? புரூக்ஸ் அந்த வேலையைப் பெரிய குழுவிடம் கொடுத்தார். எச்சரித்தவர் சொன்ன இரண்டுமே பலித்தன. ஒருங்கிணைப்பில்லாத அந்த வடிவமைப்பால் பிழை திருத்தும் காலம் மட்டும் ஓராண்டு கூடியிருக்கும் என்று புரூக்ஸே பின்னாளில் கணக்கிட்டார். ஓஎஸ்/360 தாமதமாகவே வந்தது. செலவு மதிப்பீட்டைப்போலப் பல மடங்கு ஆனது. முதல் சில வெளியீடுகள் சரியாக ஓடவும் இல்லை.

1975-ல் வெளியான ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ நூலில் இதையெல்லாம் அவர் ஒளிக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. அவர் குறிவைத்தது ‘ஆள்-மாதம்’ என்ற அளவுகோலை. பருத்தி எடுப்பதற்கு அந்த அளவுகோல் சரி. ஆள் இரட்டிப்பானால் நாள் பாதியாகும், ஏனென்றால் ஒருவர் எடுக்கிற செடியைப் பற்றி இன்னொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நிரலில் கேட்டே ஆக வேண்டும். ஐந்து பேர் இருந்தால் பேச வேண்டிய ஜோடிகள் 10. ஐம்பது பேர் என்றால் 1,225.

அவர் போட்டுக்காட்டிய ஒரு கணக்கு இது. பன்னிரண்டு ஆள்-மாத வேலை, மூன்று பேர், நான்கு மாதம். முதல் மாதம் முடிக்கவேண்டிய பகுதி இரண்டாம் மாத முடிவில்தான் முடிகிறது. மீதி ஒன்பது ஆள்-மாத வேலை, இரண்டு மாதம். “இன்னும் ரெண்டு பேரைப் போடு” என்கிறார் மேனேஜர். மூன்றாம் மாதம் புதியவர்கள் இருவரும் கற்கிறார்கள். பழையவர்களில் ஒருவர் கற்றுக்கொடுக்கிறார். வேலை செய்பவர்கள் இரண்டே பேர். மாத முடிவில் ஏழு ஆள்-மாத வேலை பாக்கி, கையில் ஐந்து பேர், ஒரே மாதம். தேதி தவறியே தீரும். புதிய ஜோடிகளுக்கிடையிலான பேச்சையும், பிரித்த வேலையை மறுபடி பிரிக்கும் பாட்டையும் இதில் சேர்க்கவே இல்லை. தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்ற ‘புரூக்ஸ் விதி’ இப்படித்தான் பிறந்தது.

அதற்காகச் சிறிய குழுவே போதும் என்று அவர் முடித்துவிடவில்லை. 1963 முதல் 1966 வரை ஓஎஸ்/360-க்கு ஏறத்தாழ 5,000 ஆள்-ஆண்டு உழைப்பு போனது. 200 பேரை வைத்துக்கொண்டிருந்தால் 25 ஆண்டு ஆகியிருக்கும். பெரிய வேலைக்குப் பெரிய படை வேண்டும்தான். ஆனால் வடிவமைப்பைச் சிலர் மட்டும் முடிவுசெய்ய வேண்டும், ஆட்களைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும், கால அட்டவணையில் பாதியைச் சோதனைக்கே ஒதுக்க வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. நிரல் எழுதுவதற்கு அவர் ஒதுக்கியது ஆறில் ஒரு பங்குதான்.

சென்னை ஓஎம்ஆரில் இன்றும் பல எஸ்டிமேட் ஷீட்கள் ஆள்-நாள் கணக்கில்தான் போடப்படுகின்றன. பில்லும் தலைக்கணக்கில்தான் போகிறது. அங்கே மேனேஜர் நாற்காலியில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் மைல்ஸ்டோன் தவறிய அன்றே கிளையன்ட்டிடம் உண்மையைச் சொல்லுங்கள். தேதியைத் தள்ளுங்கள்; முடியாவிட்டால், முதல் வெளியீட்டில் எதை விடலாம் என்று உட்கார்ந்து பேசுங்கள். கடைசி மாதத்தில் இரண்டு புதியவர்களை அழைத்துவந்து, ஏற்கெனவே தூக்கம் கெட்டு உழைப்பவர்களிடம் “இவங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்க” என்று மட்டும் ஒப்படைக்காதீர்கள்.

(தொடரும்)