பாலும் விளையாட்டும்

வளர்ச்சி குன்றிய குழந்தையுடன் வரும் பெற்றோரிடம் நாங்கள் முதலில் வினவுவது உணவைப் பற்றியே. குழந்தையோடு பேசுகிறீர்களா, விளையாடுகிறீர்களா என்று வினவுவது அரிது. அது எங்கள் குறையே.

ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் 1986ஆம் ஆண்டு சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த, வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகள் நான்கு பிரிவாக்கப்பட்டனர். அனைவரும் 9 முதல் 24 மாத வயதினர். ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் ஒரு கிலோ பால்மாவு. மற்றொரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளரின் ஒரு மணி நேர வருகை. மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும். எஞ்சியோருக்கு இவற்றுள் எதுவுமில்லை. இரண்டு ஆண்டுகள் இவ்வாறு நடந்தது.

அப்பணியாளர்கள் பெரும் பட்டம் பெற்றவர்கள் அல்லர். தாயின் அருகமர்ந்து, காலிப் புட்டிகளையும் அட்டைப்பெட்டிகளையும் விளையாட்டுப் பொருள்களாக்கி, குழந்தையோடு பேசுவதையும் அதனைப் பாராட்டுவதையும் செய்து காட்டினர். தாயைக் குறைகூறச் சென்றவர்கள் அல்லர் என்பதே எங்களுக்கு முதன்மையாகத் தோன்றுகிறது.

இரண்டு ஆண்டு முடிவில் பால், விளையாட்டு இரண்டுமே பயன் தந்திருந்தன. அக்குழந்தைகள் 22 வயதை எட்டியபோதோ பாலின் பயன் புலப்படவில்லை. பணியாளரின் வருகையைப் பெற்றோர், பெறாதோரைவிட 25 விழுக்காடு மிகுதியாகப் பொருளீட்டினர் என்று 2014இல் வெளியான கட்டுரை கூறுகிறது.

இதனால் உணவைக் குறைத்துவிடலாகாது. பசித்த குழந்தை விளையாடாது. ஆயினும் விலையுயர்ந்த சத்துமாவு வாங்க இயலவில்லையே என்று வருந்தும் பெற்றோர், அடுத்த முறை வரும்பொழுது வீட்டிலுள்ள கிண்ணம், கரண்டி, மூடி ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். அவற்றைக்கொண்டு விளையாடும் முறையை, மருத்துவரைக் காணக் காத்திருக்கும் வேளையிலேயே செவிலியரிடம் கேட்டறியலாம்.