உங்களுக்குத் தெரியுமா? கைகாட்டி மரத்திலிருந்து கணினிக்கு

சென்னை (திண்டிவனம் வழியாக), திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைப் பாதைகள் கூடும் இடம் விழுப்புரம் சந்திப்பு. காட்பாடிக்குச் செல்வது ஒற்றைப் பாதை. அதன் ஒரு பிளாக்கில், அதாவது பாதையின் ஒரு பகுதியில், ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான். மற்ற ரயில் சிக்னலுக்குக் காத்திருக்க வேண்டும்.

1960களில் நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதே ஒழுங்கைக் கணினி நிரல்களுக்கு வகுத்தார். ரயில்வே கைகாட்டியின் பெயரான ‘செமஃபோர்’ என்பதையே அதற்குச் சூட்டினார். ஒரே தரவை இரண்டு பணிகள் ஒரே சமயத்தில் மாற்றினால் கணக்கு குளறுபடியாகிவிடும் அல்லவா?

இந்தச் சிக்கலை நிரல்மொழிக்கு நிரல்மொழி வெவ்வேறாகக் கையாள்கிறார்கள். ஜாவாவில் பூட்டுகள் உண்டு. 2023இல் வந்த ஜாவா 21 லட்சக்கணக்கான இலகு இழைகளையும் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பணிகளையும்) தாங்கும். எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்த எர்லாங்கில் பணிகள் நினைவகத்தைப் பகிர்வதே இல்லை, செய்தி மட்டுமே அனுப்பிக்கொள்ளும். 2009இல் வெளியான கோ மொழி, பணிகள் தரவைக் கைமாற்றிக்கொள்ள ‘சேனல்’ தருகிறது. பைதான் 3.13, இழைகளை ஒவ்வொன்றாகவே ஓடவிட்ட பழைய பூட்டைக் கழற்றிப் பார்க்கும் சோதனை வசதியுடன் 2024இல் வந்தது.

இத்தகைய மொழிகளில் மிகவும் வியக்க வைப்பது ரஸ்ட். பாதுகாப்பான ரஸ்ட் நிரலில் இத்தகைய தரவு மோதல் இருந்தால் கம்பைலரே ஏற்க மறுத்துவிடும். ஆனால் இரண்டு பணிகள் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும் முட்டுக்கட்டையை அதுவும் தடுப்பதில்லை.