கீட்டோ உணவுமுறையும் வழக்கமான இரத்தப் பரிசோதனை முடிவுகளும்

திறவுச்சொற்கள்: கீட்டோ உணவுமுறை, கீட்டோன்கள், கிரியேட்டினின், யூரிக் அமிலம், குளுக்கோஸ் தாங்குதிறன்

முன்னுரை

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சார்ந்த ரசல் வைல்டர், வலிப்பு நோய்க்கான சிகிச்சை உணவாக 1921ஆம் ஆண்டில் முன்மொழிந்ததே கீட்டோ உணவுமுறை. இன்று அது எடைக் குறைப்பிற்கும் நீரிழிவுக் கட்டுப்பாட்டிற்கும் உரிய வழியாகப் பரவியுள்ளது. தமிழ்நாட்டில் பேலியோ என்னும் பெயரில் பின்பற்றப்படும் உணவுமுறையும் மாவுச்சத்தைக் குறைப்பதில் இதனோடு நெருங்கியதே. மாவுச்சத்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குக் கீழே குறையும்பொழுது, கல்லீரல் கொழுப்பு அமிலங்களிலிருந்து கீட்டோன்களை மிகுதியாக உருவாக்குகிறது. ஆனால் ஆய்வக அறிக்கையில் அச்சிடப்படும் இயல்பளவுகள் பொதுவான கலப்புணவு உண்போரை அடிப்படையாகக் கொண்டவை. எனவே, கீட்டோ உணவு உண்பவரின் அறிக்கையில் ஓர் எண் எல்லை கடந்திருப்பின், அது நோயா, உணவின் விளைவா, அளக்கும் முறையின் பிழையா எனப் பிரித்தறிதல் வேண்டும். அவ்வேறுபாட்டை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலில் உண்மையாகவே நிகழும் மாற்றங்கள்

டிரைகிளிசரைடு குறைவதும் எச்.டி.எல். சற்று உயர்வதும் பெரும்பாலும் காணப்படுவன. எல்.டி.எல். ஆளுக்கு ஆள் வேறுபடும். மெலிந்த உடலினர் சிலரிடம் அது மிகக் கூடுதலாக உயர்கிறது. டிரைகிளிசரைடு நன்றாக இருக்கிறது என்பதைக் காட்டி இவ்வுயர்வைப் புறந்தள்ளுவது ஏற்புடையதன்று. எனினும் எடை விரைந்து குறையும் காலத்தில் கொழுப்புத் திசுவிலிருந்து வெளியேறும் கொலஸ்டிராலும் தற்காலிக உயர்வுக்குக் காரணமாகலாம் என்பதால், எடை நிலைத்தபின் மீண்டும் சோதிப்பது பொருத்தம்.

யூரிக் அமிலம் முதற்சில வாரங்களில் உயர்கிறது. சிறுநீரக நுண்குழல்களின் வழியே வெளியேறுவதில் கீட்டோன்கள் அதனுடன் போட்டியிடுவதே காரணம். பின்னர் அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. கவுட் எனும் மூட்டுநோய் உடையவர்க்கு இவ்வாரங்கள் இடருடையவை.

அளக்கும் முறையும் சோதனைச் சூழலும்

கிரியேட்டினின் உயர்வு சிறுநீரகப் பாதிப்பின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. மேக்ஸ் யாஃபே 1886இல் கண்டறிந்த காரப் பிக்ரேட் வினையே பல ஆய்வகங்களில் இன்றும் இதனை அளக்கும் வழி. அவ்வினையில் கிரியேட்டினின் மட்டுமன்றி, கீட்டோன்களுள் ஒன்றாகிய அசிட்டோ அசிட்டேட்டும் நிறம் தருகிறது. உணவால் மட்டும் ஏற்படும் கீட்டோன் நிலையில் இப்பிழை சிறிதே. கீட்டோன் அமிலநோயில் அது பெரிதாகும். மிகுதியாக உண்ட சமைத்த இறைச்சியும் கிரியேட்டினினைத் தன்னளவில் உயர்த்தும். ஆதலின், சிறுநீரகம் பழுதுற்றது என்று முடிவுகட்டுமுன் நொதி முறையிலான அளவீட்டையோ, இறைச்சியால் மாறாத சிஸ்டாட்டின் சி அளவையோ நாடலாம்.

குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனையில் சிக்கல் வேறுவகையானது. மாவுச்சத்தைப் பல நாள்கள் தவிர்த்த உடல் கொழுப்பை எரிக்கப் பழகி, குளுக்கோஸைக் கையாளும் வேகத்தைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொள்கிறது. அந்நிலையில் திடீரென 75 கிராம் குளுக்கோஸ் பருகினால், நீரிழிவு இல்லாதவருக்கும் இரண்டாம் மணிநேர அளவு 140 மில்லிகிராமைக் கடக்கக்கூடும். சோதனைக்கு முந்தைய மூன்று நாள்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து உண்ண வேண்டும் என்ற விதி இதன்பொருட்டே வகுக்கப்பட்டது. நடைமுறையில் இதனை நோயாளியிடம் கேட்போர் அரிது.

கீட்டோன் அளவைப் பொருள்கொள்ளல்

உணவால் ஏற்படும் கீட்டோன் நிலையில் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் பொதுவாக லிட்டருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை இருக்கும். இன்சுலின் சுரக்கும்வரை அது கட்டுக்குள் நிற்கிறது. சிறுநீர்ப் பட்டைச் சோதனை அசிட்டோ அசிட்டேட்டையே காட்டுவதால், அமிலநோயில் மேலோங்கும் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டை அதனால் அறிய இயலாது.

எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பு மருந்து உண்ணும் நீரிழிவு நோயர் கீட்டோ உணவையும் மேற்கொள்வது கவனத்திற்குரியது. அம்மருந்து சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால், இரத்தச் சர்க்கரை 250 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும்பொழுதே கீட்டோன் அமிலநோய் தோன்றலாம். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இம்மருந்துகளால் நேரும் அமிலநோய் பற்றி 2015இல் எச்சரித்தது. வாந்தியும் மூச்சுவாங்கலுமாக வரும் இத்தகையவரிடம் சர்க்கரை அளவு மட்டும் நோக்குதல் போதாது. இரத்தக் கீட்டோனும் பைகார்பனேட்டும் இரத்த அமிலத்தன்மையும் உடனே அளக்கப்படுதல் வேண்டும்.