ஒரு கோடு வந்தால் வேலைக்குப் போகலாமா?

வடசென்னையின் காலடிப்பேட்டையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், மாத்திரைக்கு அடுத்தபடியாக வீட்டில் எழும் பேச்சு நாளைய வேலையைப் பற்றியது. ஹார்பருக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் ஷிஃப்ட் பார்க்கிறவர், விடியுமுன் காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கிற அக்கா என யாருக்குமே சம்பளத்தோடு லீவு கிடையாது. அதனால்தான் கால்மணி நேரத்தில் விடை சொல்லும் கொரோனா வீட்டுப் பரிசோதனை கிட் இங்கே பெரிய உதவி. அதே காரணத்தால், அது தரும் விடையைத் தவறாகப் படித்தால் விளையும் கேடும் இங்கே அதிகம். ஒற்றை அறையில் பாட்டியும் பேரனும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கிற வீடுகள் இவை.

இரண்டு கோடு (பாசிட்டிவ்) வந்தால் நம்புங்கள். ஒரு கோடு (நெகட்டிவ்) வந்தால், அன்றைய ஒரு நாளுக்கான தகவலாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

நமக்குப் பழகியது வேறு பரிசோதனை

2020இல் சென்னையிலேயே அதிகத் தொற்று பதிவான மண்டலமாக ராயபுரம் இருந்தபோது, வடசென்னைக்காரர்கள் அறிந்த ஒரே பரிசோதனை ஆர்டி-பிசிஆர். முகாமில் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விடுவார்கள், மறுநாளோ அதற்கடுத்த நாளோ முடிவு வரும். மற்ற மாநிலங்கள் பல, விரைவு ஆன்டிஜென் பரிசோதனையைக் கலந்து பயன்படுத்தியபோதும் தமிழக அரசு ஆர்டி-பிசிஆரையே பிடித்துக்கொண்டது. நல்ல முடிவு அது. அதற்குமுன் 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து வந்த விரைவு ஆன்டிபாடி கிட்கள் சரியாக வேலை செய்யாமல், அவற்றைத் திருப்பி அனுப்பும்படி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) மாநிலங்களிடம் சொல்ல நேர்ந்தது. அந்தக் கிட்கள் தேடியது ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளை. இப்போது மருந்துக்கடையில் விற்பது வைரஸின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் கிட். இரண்டையும் ஒன்றாக நினைத்து "அந்த டெஸ்டே சுத்தப் பொய்" என்று ஒதுக்குபவர்கள் இன்றும் உண்டு.

வீட்டிலேயே தாமாக எடுத்துக்கொள்ளும் கிட்டுக்கு ஐசிஎம்ஆர் ஒப்புதல் தந்தது 2021 மே 19 அன்று. புனேயைச் சேர்ந்த மைலேப் நிறுவனத்தின் கோவிசெல்ஃப்தான் முதலாவது, அப்போது விலை 250 ரூபாய். இரண்டே நாள் கழித்து, மே 21 அன்று, தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. ஆய்வகங்கள் திணறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஐசிஎம்ஆர் வகுத்த விதிகள் தெளிவானவை. அறிகுறி உள்ளவர்களும், தொற்று உறுதியானவரோடு நெருங்கி இருந்தவர்களும் மட்டுமே வீட்டுப் பரிசோதனை எடுக்கலாம். பாசிட்டிவ் வந்தால் அதுவே முடிவு, மறு பரிசோதனை தேவையில்லை. அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தால் உடனே ஆர்டி-பிசிஆர் எடுக்க வேண்டும். இந்த மூன்றாவது விதிதான் ஊரில் பலருக்கும் எட்டவே இல்லை. ஒரு தடவை குச்சி விட்டால் ஒரே முடிவு என்று ஆர்டி-பிசிஆரில் பழகிய நாம், அதே நம்பிக்கையை இந்தச் சின்ன அட்டையின் மீதும் வைத்துவிட்டோம்.

அட்டைக்குள் நடப்பது

கர்ப்பப் பரிசோதனை அட்டையும் இதுவும் ஒரே தொழில்நுட்பம். மூக்கிலிருந்து எடுத்த சளியைக் குழாயிலுள்ள திரவத்தில் கரைக்கும்போது வைரஸ் உடைந்து, அதன் உள்ளே இருக்கும் புரதம் வெளியே வருகிறது. சொட்டு விட்டதும் அந்தத் திரவம் அட்டையின் பட்டையில் ஊறிக்கொண்டே போகிறது. வழியில், நிறத்துகள் ஒட்டிய எதிர்ப்புப் பொருட்கள் புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 'டி' என்று குறித்த இடத்தில் காத்திருக்கும் இன்னொரு எதிர்ப்புப் பொருள் அந்தக் கூட்டத்தை நிறுத்திவைக்கிறது. நிறத்துகள்கள் சேர்ந்து கோடாகத் தெரிகின்றன. 'சி' கோடு, திரவம் ஒழுங்காக ஓடியது என்பதற்கான சாட்சி மட்டுமே.

ஆர்டி-பிசிஆர், வைரஸின் மரபுப்பொருள் இம்மியளவு இருந்தாலும் அதைப் பல கோடி மடங்கு பெருக்கிப் பார்க்கும். இந்த அட்டையில் பெருக்கல் கிடையாது. கண்ணுக்குக் கோடு தெரிய வேண்டுமானால் மூக்கில் வைரஸ் தாராளமாக இருக்க வேண்டும். இந்தக் குறையிலேயே ஒரு பயனும் இருக்கிறது. கோடு தெரியும் அளவுக்கு வைரஸ் உள்ளவர், பிறருக்குப் பரப்பும் நிலையிலும் இருக்கக்கூடியவர்.

எந்த நாளில் எடுப்பது?

பெரும்பாலான தவறுகள் நாள் கணக்கில்தான் நேர்கின்றன. நேற்று மாலை தொண்டை கரகரத்தது, இன்று காலை கிட் எடுத்தார், ஒரு கோடு வந்தது, கிளம்பிவிட்டார். வைரஸ் மூக்கில் பெருகுவதற்கு அது போதிய நேரமில்லை. தடுப்பூசியாலும் முந்தைய தொற்றாலும் இப்போது நம் உடல் இந்த வைரஸை முன்பே அறிந்திருக்கிறது. அதனால் மூக்கில் வைரஸ் உச்சம் தொடும் முன்பே காய்ச்சலும் தொண்டை வலியும் தொடங்கிவிடுகின்றன. முதல் நாள் நெகட்டிவ், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பாசிட்டிவ் என்பது இன்று வெகு சாதாரணம்.

இதற்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில் சொன்ன வழி எளியது. அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் விட்டு மறுபடி எடுங்கள். அறிகுறியே இல்லாமல், தொற்றாளரோடு இருந்த காரணத்தால் எடுப்பவர், 48 மணி நேர இடைவெளியில் மூன்று தடவை எடுக்க வேண்டும். தொற்று உள்ளவரோடு இருந்துவிட்டோம் என்று தெரிந்ததும் அன்றே எடுப்பது காசுக்குக் கேடு, ஐந்து நாள் கழிய வேண்டும்.

இரண்டு மூன்று கிட் வாங்கக் காசில்லை என்பது நியாயமான வாதம். ஒரே கிட்தான் கட்டுப்படி ஆகும் என்றால் முதல் நாள் அதைத் தொடாதீர்கள். அறிகுறி தொடங்கிய மூன்றாம் நாள் எடுங்கள். அதுவரை முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுப் பெரியவர்களிடமிருந்து தள்ளி இருங்கள். ஆனால் அறுபது வயதைக் கடந்தவர், சர்க்கரை நோயாளி, ஆஸ்துமா உள்ளவர், கர்ப்பிணி ஆகியோர் கிட்டை நம்பிக் காத்திருக்கவே கூடாது. வைரஸை அடக்கும் மருந்துகள் முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் தரும். அவர்கள் முதல் நாளே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

மூக்கிலிருந்து அட்டை வரை

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூக்கைச் சிந்திவிடுங்கள். குச்சியின் பஞ்சு முனையை விரலால் தொடக்கூடாது. இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் உள்ளே விட்டு, மூக்கின் உட்சுவரில் அழுந்தும்படி ஐந்து முறை சுழற்றுங்கள். பிறகு அதே குச்சியால் அடுத்த துவாரத்திலும் அப்படியே. மூக்கு வாசலில் தொட்டுவிட்டு எடுத்தால் போதாது. குழந்தைகளுக்குப் பெரியவர்களே எடுக்க வேண்டும். குச்சியைக் குழாயில் விட்டுப் பத்து முறை சுற்றிக் கலக்கி, மூடியைப் போட்டு, அட்டையின் குழியில் இரண்டு சொட்டு விடுங்கள். சொட்டின் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டில் உள்ளதே கணக்கு.

15 நிமிடம் கழித்துப் பாருங்கள். 20 நிமிடம் தாண்டிவிட்டால் பார்க்காதீர்கள். காய்ந்த அட்டையில் பிறகு நிழல்போலத் தெரியும் கோட்டுக்குப் பொருள் கிடையாது. ஆனால் உரிய நேரத்துக்குள் 'டி' இடத்தில் நிறத்தோடு ஒரு கோடு வந்தால், அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். "லேசாத்தானே இருக்கு" என்று தேற்றிக்கொள்ள இடமில்லை. 'சி' கோடு வராவிட்டால் அந்த அட்டை கெட்டது. 'டி' கோடு மட்டும் வந்தாலும் அது செல்லாது, புதிய கிட் எடுக்க வேண்டும்.

குழாயிலுள்ள திரவம் ரசாயனம். அதைக் கண்சொட்டு மருந்து என்று நினைத்து விட்டுக்கொண்டவர்கள் பற்றி 2022இல் அமெரிக்காவில் எச்சரிக்கையே விட வேண்டியிருந்தது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வெயிலில் கெட்டுப்போகும் அட்டை

இத்தகைய கிட்கள் பொதுவாக 2 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டியவை. அக்னி நட்சத்திரத்தின்போது தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸும் போட்ட வீட்டுக்குள் 30 டிகிரி என்பது நடவாத காரியம். பைக் பெட்டியிலும் லாரியின் முன்கண்ணாடி ஓரத்திலும் வைத்த கிட்டை நம்பவே முடியாது. சூட்டில் அட்டையிலுள்ள எதிர்ப்புப் பொருள் பழுதாகும், தொற்று இருந்தாலும் கோடு வராமல் போகலாம். முன்கூட்டி வாங்கிச் சேர்க்காமல் தேவைப்படும் அன்று வாங்குவது நம் ஊருக்கு நல்லது. எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது, கேட்டு வையுங்கள். காலாவதித் தேதி பாருங்கள். உறையைப் பிரித்தால் உடனே பயன்படுத்துங்கள், கடற்காற்றின் ஈரமும் அட்டைக்கு ஆகாது.

நெகட்டிவின் எடை எவ்வளவு?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, இந்த வகைப் பரிசோதனைகள் அறிகுறியுள்ள தொற்றாளர்களில் சராசரியாக 73 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்கின்றன. அறிகுறி இல்லாதவர்களில் 55 சதவீதம்தான்.

இதை வீட்டுக் கணக்காக்கிப் பார்ப்போம். ஊரில் கொரோனா பரவும் காலத்தில் காய்ச்சல் வந்த 100 பேரில் 30 பேருக்கு உண்மையிலேயே தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிட் 22 பேரைப் பிடிக்கும், 8 பேரை விட்டுவிடும். நெகட்டிவ் வந்த 78 பேரில் அந்த 8 பேரும் இருப்பார்கள், பத்துக்கு ஒருவர் மாதிரி. இப்போது வேறொரு 100 பேர். இவர்கள் எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே ஒருவருக்குத் தொற்று உறுதி, இவர்களுக்கும் காய்ச்சல். இவர்களில் 70 பேருக்குத் தொற்று என்று கொண்டால் கிட் 51 பேரைப் பிடித்து 19 பேரை விட்டுவிடும். நெகட்டிவ் வந்த 49 பேரில் 19 பேர் தொற்றாளர்கள், பத்துக்கு நான்கு பேர்!

அதே கிட், அதே ஒரு கோடு. வீட்டில் யாருக்கு என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் நான்கு மடங்கு மாறிவிடுகிறது. கணவருக்குப் பாசிட்டிவ் வந்து, இரண்டு நாளில் மனைவிக்கும் காய்ச்சல் என்றால், மனைவியின் நெகட்டிவ் முடிவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அவரையும் தொற்றாளராகவே கருதுவதுதான் சரி.

இந்த ஊர் இருமல்

வடசென்னையில் இருமலுக்குக் காரணம் பல. மணலியின் ஆலைப் புகை, எண்ணூரின் நிலக்கரிச் சாம்பல், இரவும் பகலும் ஓடும் லாரிகளின் டீசல். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் அமோனியா கசிவால் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தொண்டை எரிந்து மயங்கினார்கள். இப்படிப்பட்ட ஊரில் இருமலைப் பழகிப்போன ஒன்றாக ஏற்றுக்கொள்ள வைத்திருப்பதே எனக்கு ஆற்றாமை தரும் விஷயம். கிட்டில் ஒரு கோடு வந்ததும் "கொரோனா இல்ல, இது எப்பவும் வர்ற இருமல்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

அந்த அட்டை ஒரே ஒரு வைரஸைத்தான் தேடுகிறது. 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ காய்ச்சல் பரவி, தமிழகம் முழுவதும் ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்கள் நடந்தபோது, அந்த வைரஸுக்கு இந்த அட்டையில் கோடு விழுந்திருக்காது. காசநோய்க்கும் விழாது. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம்தான். தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையும் ஸ்டான்லியும் ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனையும் நமக்குத் தொலைவில் இல்லை.

இரண்டு கோடு வந்தால்

2022 ஜனவரியில் ஒன்றிய சுகாதாரத் துறை வகுத்த விதிப்படி, லேசான தொற்று உள்ளவர் ஏழு நாள் தனித்திருக்க வேண்டும், கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும். தனி அறை இல்லாத வீட்டில் இதை எப்படிச் செய்வது? நோயாளி ஜன்னலோரமோ மொட்டை மாடியிலோ படுக்கட்டும். வீட்டுக்குள் எல்லாரும் முகக்கவசம் போடட்டும். வயதான அம்மாவைப் பக்கத்துத் தெருவிலுள்ள அக்கா வீட்டில் ஒரு வாரம் வைக்க முடிந்தால் நல்லது, ஆனால் அவருக்கு அறிகுறி ஏதுமில்லை என்று பார்த்துவிட்டு. வேலைக்குப் போயே ஆக வேண்டிய கட்டாயம் இருப்பவரிடம் வெறுமனே "போகாதே" என்று சொல்வது எளிது. ஒரு வாரக் கூலியை முன்பணமாகவாவது தரவேண்டியது கான்ட்ராக்டரின் கடமை என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

ஆக்ஸிமீட்டரில் ரத்த ஆக்ஸிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினால், நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழறினால் 108ஐ அழையுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும். கருத்த தோலில் இந்தக் கருவி சில சமயம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. எண் நன்றாக இருந்தும் ஆள் மூச்சுக்குத் தவித்தால், எண்ணை விட்டு ஆளைப் பாருங்கள்.

பயன்படுத்திய குச்சி, குழாய், அட்டை மூன்றையும் கிட்டில் வரும் பையில் போட்டு இறுகக் கட்டி, மேலே இன்னொரு கவர் சுற்றி, காலையில் வண்டி தள்ளி வரும் தூய்மைப் பணியாளரிடம் "டெஸ்ட் குப்பை" என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். மக்கும் குப்பையோடு கலந்துவிட்டால், அவர் வெறுங்கையால் அதைப் பிரிக்க நேரும்.